ஆரஞ்சுக்கு அறுபத்தெட்டு

கையுறையின் வாயைக் குழாயில் செருகி, மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் பிடித்து, முறுக்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார் சாவியம்மா. பற்பசைக் குழாயைப் பிதுக்குவது போல ஒவ்வொரு விரல் நுனியையும் அழுத்தினார். சுண்டுவிரலில் ஒரு பொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. அதை வாளியில் எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தார். புதிதாக வரும் ஒவ்வொரு பெட்டியிலும் பத்தைப் பிரித்து இப்படிச் சோதிப்பார். ஒன்று ஒழுகினால் போகட்டும் என்று விடுவார். இரண்டு ஒழுகினால் பெட்டி வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். இது தெரிந்த வண்டிக்காரர், பத்தாவது கையுறை முடியும்வரை இஞ்சினை அணைக்கவே மாட்டார்.

அன்று ஒன்றுதான் ஒழுகியது. கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பினார். மணி மூன்றரை. நான்கு மணிக்கு மேலே கூட்டம்.

தொண்ணூறு படுக்கைகள் கொண்ட முதியோர் பராமரிப்பு இல்லம் அது. மூன்று மாடி. அதன் தரைக்குக் கீழே இருக்கும் ஸ்டோர்தான் சாவியம்மாவின் ராஜ்ஜியம். இடுப்பில் எப்போதும் பதினேழு சாவி தொங்குவதால் அந்தப் பெயர். அவர் வருவது மாடிப்படியில் கேட்டுவிடும் என்பதால், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துகொள்ள அவகாசம் கிடைக்கும்.

இருபத்தாறு வயதில் பராமரிப்புப் பயிற்சி முடித்து, பதினெட்டு வருடம் மாடியில் வேலை பார்த்தவர். புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் கைவந்த வேலை. ஒருநாள் தொண்ணூறு கிலோ எடையுள்ள ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் குளியலறையில் சரிந்தபோது தாங்கிப் பிடித்தார். நீதிபதிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு முதுகெலும்பில் தட்டு நகர்ந்துவிட்டது. இனிமேல் ஆளைத் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். "அப்போ சாமானைத் தூக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்கு இறங்கி வந்தார். அதையும் தூக்கக் கூடாது என்றுதான் மருத்துவர் சொன்னார். அது அவர் காதில் ஏறவில்லை.

ஸ்டோருக்கு வந்து பதினான்கு வருடம். இல்லத்துக்கு வேண்டிய சோப்பு, படுக்கை விரிப்பு, டயபர், கட்டுத் துணி, கிருமிநாசினி எல்லாவற்றையும் வாங்குவது அவர்தான். ஏழு கடைக்காரர்களின் எண்கள் மனப்பாடம். அவருக்கு ஒரே ஒரு விதி உண்டு. மாடியிலிருந்து ஒரு பொருள் கேட்டு வந்தால், வெறுமனே 'இல்லை' என்று சொல்லக் கூடாது. எத்தனை மணிக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்கு வரவும் வேண்டும்.

இந்த வருடத் தொடக்கத்தில் புதிய மேலாளர் வந்தார். நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர், ஆனால் எதையும் திரையில் பார்த்தால்தான் நம்புவார். சாவியம்மாவின் தலைக்குள் இருக்கும் ஏழு கடைகளை அவரால் திரையில் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு நீங்க ஒரு மாசம் லீவுல போனீங்கன்னா என்னம்மா பண்றது?" என்று கேட்டார்.

"நான் லீவு எடுத்து நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கொள்முதலுக்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்குவது என்று முடிவாயிற்று. மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டார்கள். நிறுவனங்களின் நீளமான பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால், அவற்றின் சின்னங்களின் நிறத்தை வைத்து நீலம், பச்சை, ஆரஞ்சு என்று கூப்பிட்டார்கள். நீலத்தைக் கணக்கருக்குப் பிடித்தது. பச்சை சாவியம்மாவுக்குப் பிடித்தது. அதை விற்க வந்த பெண் பளபளப்பாகப் பேசாமல், ஸ்டோரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னதும் அதற்கு ஒரு காரணம். ஆரஞ்சு யாருக்கும் பிடிக்கவில்லை. மூன்று விலை இருந்தால்தான் கோப்பு நகரும் என்பதற்காக அதையும் சேர்த்திருந்தார்கள்.

இரண்டு கூட்டம் வெறும் வாக்குவாதத்தில் போயிற்று. மூன்றாவது கூட்டத்தில் மேலாளர் மடிக்கணினியைத் திறந்தார்.

"ஆளாளுக்குக் கத்த வேண்டாம். முடிவெடுக்க உதவறதுக்குன்னே ஒரு கருவி இருக்கு. நமக்கு எதெது முக்கியம்னு முதல்ல நூறைப் பிரிச்சுக் கொடுப்போம். அப்புறம் மூணையும் ஓட்டிப் பார்த்து எட்டுப் பேரும் மார்க் போடுவோம். பெருக்கிக் கூட்டி எது மேலன்னு அதுவே சொல்லிடும்."

"நல்லதாப் போச்சு சார்," என்றார் சமையல்காரர். "வீட்டுச் சுவருக்கு என்ன கலர் அடிக்கறதுன்னு ரெண்டு மாசமா சண்டை. அதையும் கேட்டுச் சொல்லுமா?"

நூறைப் பிரிப்பதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கணக்கர் எடுத்த எடுப்பில் விலைக்கு நாற்பது வேண்டும் என்றார். எதையும் இரண்டு தசமப் புள்ளி வரை சொல்லும் வழக்கம் இருந்ததால் அவருக்குத் தசமம் என்று பெயர். பத்து வருடமாக அந்தப் பெயரோடு சமாதானமாக வாழ்ந்துவந்தார்.

"தம்பி, மலிவா வாங்கின கட்டுத் துணி நாளன்னிக்கு வந்தா, இன்னிக்கு எதை வெச்சுக் கட்டறது? உங்க டையை வெச்சா?" என்றார் சாவியம்மா.

"என் டை அவ்வளவு சுத்தமில்லம்மா."

"அப்போ அவசர ஆர்டருக்கு முப்பது கொடுங்க."

கொடுத்தார்கள். விலைக்கு இருபது. பழகுவதற்கு எளிதாக இருக்கிறதா, காலாவதி ஆவதை முன்கூட்டியே சொல்கிறதா, நெட் இல்லாதபோது ஓடுகிறதா, கூப்பிட்டால் ஆள் வருகிறதா என்பவற்றுக்கு மிச்சம் ஐம்பது. எல்லாம் முடிந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் சாவியம்மா அந்த வார்த்தையை விட்டார்.

"இதுல என்ன வருதோ அதுதான். வந்தப்புறம் யாரும் முனகக் கூடாது. நான் முனகினா என்னையும் நாலு கேள்வி கேளுங்க."

மேலாளருக்கு மிகவும் பிடித்துப்போய், அதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதி எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கினார். முதல் கையெழுத்து சாவியம்மாவுடையது.

அடுத்த வாரம் ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் இரண்டிரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார்கள். நீலம் ஒழுங்காக ஓடியது. பச்சை சிரித்த முகமாக ஓடியது, நெட் போனால் மட்டும் படுத்துக்கொண்டது. ஆரஞ்சு ஒரு பெட்டி டயபருக்குப் பதினான்கு கேள்வி கேட்டது. 'இப்பொருளின் பயன்பாட்டு நோக்கம் என்ன?' என்பது ஒன்பதாவது கேள்வி. 'எல்லோருக்கும் தெரிந்ததுதான்' என்று எழுதினார் சாவியம்மா. ஐம்பது எழுத்துக்குக் குறையாமல் எழுதவும் என்றது. எழுதி முடித்ததும் ஆர்டர் மூன்று பேரின் ஒப்புதலுக்கு வரிசையில் போய் நின்றது. மூவரில் ஒருவர் அன்று பல் மருத்துவரிடம் போயிருந்தார். இரண்டாம் மாடிக்குக் கேட்ட கட்டுத் துணி ஒன்றரை நாள் கழித்து வந்தது. அதற்குள் சாவியம்மா பக்கத்துத் தெரு மருத்துவமனையில் கடன் கேட்டு வாங்கி வந்து சமாளித்தார். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக மாடியில் அவர் நேரம் சொல்லத் தெரியாமல் நின்றார்.

ஓட்டிப் பார்த்ததும் மேலாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே சுழியத்திலிருந்து பத்து வரை வட்டங்கள். "உங்க வேலைக்கு எப்படி இருந்ததுன்னு வட்டத்தை நிரப்புங்க" என்றார். எல்லோரும் நின்ற இடத்திலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அந்தத் தாள்களைக் கருவி பெருக்கிக் கூட்டிவிட்டது. முடிவைத்தான் இன்று நான்கு மணிக்குக் காட்டப்போகிறார்கள். நாளைக் காலை பதினொன்றுக்கு ஜெயித்த நிறுவனத்தோடு மூன்று வருட ஒப்பந்தம். சாவியம்மா கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டோரைப் பூட்டி, படியேறினார்.

சுவரில் மூன்று பட்டைகள் தெரிந்தன. பச்சைப் பட்டை முப்பத்தாறு. நீலப் பட்டை நாற்பத்தொன்று. ஆரஞ்சுப் பட்டை கூரையைத் தொடப்போவது மாதிரி எழுந்து நின்றது. அறுபத்தெட்டு.

சமையல்காரர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். கணக்கர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் அறுபத்தெட்டாகவே இருந்தது.

"பெரிய வித்தியாசம்," என்றார் மேலாளர். அவர் குரலிலும் உற்சாகம் இல்லை. "சும்மா பார்ப்போம். விலைக்கு முப்பது வெச்சா?" நகர்த்தினார். ஆரஞ்சு. "அவசரத்தைக் கொறைச்சா?" ஆரஞ்சு. எந்தப் பக்கம் தள்ளினாலும் பூனை மாதிரி ஆரஞ்சு நான்கு காலையும் ஊன்றி நின்றது.

"உறுதியான முடிவுன்னு அர்த்தம்," என்றார் கணக்கர் சோர்வாக. "அறுபத்தெட்டு புள்ளி இரண்டு ஐந்து."

திரையின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம் மின்னிக்கொண்டிருந்தது. "அது என்ன சார்?" என்றார் சாவியம்மா.

"ஏதோ எச்சரிக்கை. இந்த மாதிரி எப்பவும் வரும்மா," என்று மேலாளர் திரையை அணைத்தார். பிறகு எல்லோரையும் பார்த்தார். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

எட்டுப் பேரும் மற்ற ஏழு பேரைப் பார்த்தார்கள். தன்னைத் தவிர எல்லோருக்கும் பிடித்திருக்கிறது போல என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் சாவியம்மாவிடம் வந்து நின்றது. பச்சை அவருடைய செல்லப்பிள்ளை என்பதும், அது கடைசியில் வந்திருக்கிறது என்பதும் அறைக்கே தெரியும். இப்போது வாயைத் திறந்தால் அதற்குப் பெயர் முனகல்.

"சொன்னது சொன்னதுதான் சார்," என்றார்.

படி இறங்கும்போது மனதுக்குள் கணக்குப் போட்டார். படுத்த படுக்கையாக நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். ஈரத்தை மாற்ற ஒரு மணி நேரம் தாமதித்தாலே தோல் சிவக்கும், சிவந்த இடம் மறுநாள் புண்ணாகும். பதினான்கு கேள்வியும் மூன்று ஒப்புதலும் முடிகிறவரை புண் காத்திருக்காது. மூன்று வருடம் தினமும் மாடிக்குப் போய் 'இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது' என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அதற்கு வழி திறந்துவிட்டதும் அவர் வாய்தான்.

ஐந்து மணிக்கு ஊழியர் அறையில் டீ. எதிரே இரண்டாம் மாடி சிஸ்டர் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். இருபது வருடமாக இருவருக்கும் பழக்கம். ஒரே மாடியில் வேலை பார்த்தவர்கள்.

"என்னக்கா இது அநியாயம்," என்றார் சிஸ்டர். "இந்த ஆபீஸ்காரங்க எல்லாம் சேர்ந்து ஆரஞ்சைத் தூக்கிட்டாங்களே."

"எட்டுல அஞ்சு பேர் நம்ம ஆளுங்க. மூணு சிஸ்டர், பிசியோதெரபிஸ்ட், நான். ஆபீஸ்காரங்க மூணு பேரு எப்படித் தூக்க முடியும்?"

"அப்போ நம்ம ஆளுங்கதான் யாரோ துரோகம் பண்ணியிருக்காங்க. நான் பண்ணல. நான் பச்சைக்கு எல்லாத்துக்கும் சுழியம் போட்டேன்."

சாவியம்மா டீயைக் கீழே வைத்தார். "என்ன போட்ட?"

"சுழியம். நெட்டுக்கு மட்டும் நாலு. அது கொஞ்சம் படுத்துச்சு, பொய் சொல்லக் கூடாதுல்ல."

"பிடிச்சதுக்கு யாராவது சுழியம் போடுவாங்களா?"

"பின்ன? ஒரு தொந்தரவும் இல்ல, சுழியம். ஆரஞ்சுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். தாங்க முடியாத வலி." சொல்லிக்கொண்டே வந்த சிஸ்டரின் குரல் பாதியில் இறங்கியது. "ஏன்க்கா அப்படிப் பார்க்கறீங்க?"

மாடியில் ஒரு நாளைக்கு ஆறு தடவை ஒவ்வொரு கட்டிலருகிலும் போய்க் கேட்கிற கேள்வி அது. வலி எவ்வளவு இருக்கிறது? வலியே இல்லை என்றால் சுழியம். தாங்க முடியவில்லை என்றால் பத்து. கேட்டு, தாளில் அந்த வட்டத்தை நிரப்ப வேண்டும். சிஸ்டரின் கை அந்த வேலையை ஆயிரக்கணக்கான தடவை செய்திருக்கிறது. சுழியத்திலிருந்து பத்து வரை வட்டங்களைக் கண்டால், கை தானாக நல்லதற்குச் சுழியம் போட்டுவிடும்.

"லூசு," என்றார் சாவியம்மா. "பள்ளிக்கூடத்துல நீ சுழியம் வாங்கிட்டு வந்தப்போ உங்கம்மா ஆரத்தியா எடுத்தாங்க?"

"அடிச்சாங்க," என்றார் சிஸ்டர் பரிதாபமாக.

சாவியம்மா டீயைக் குடிக்காமல் எழுந்து கணக்கர் அறைக்குப் போனார். கணக்கர் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி, அந்த மஞ்சள் முக்கோணத்தைக் கொஞ்சம் தெறந்து காட்டுங்க."

"சார்தான் எப்பவும் வரும்னு சொன்னாரேம்மா."

"கட்டில் பக்கத்துல ஒரு மெஷின் கத்தினா, எப்பவும் கத்தும்னு அணைச்சுட்டுப் போனவங்களை நான் வேலையை விட்டுத் தூக்கியிருக்கேன். தெறங்க."

கணக்கர் பையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். முக்கோணத்தை அமுக்கியதும் ஒரு வரி வந்தது. மதிப்பிட்டவர்கள் ஒருவருக்கொருவர் நேர் எதிராக மதிப்பிட்டுள்ளார்கள், சரிபார்க்கவும் என்று. அதற்குக் கீழே எட்டுப் பேரின் எண்களும் வரிசையாக இருந்தன. மேலாளர், கணக்கர், சமையல்காரர் மூவரும் ஆரஞ்சுக்கு இரண்டு, மூன்று, நான்கு. மற்ற ஐவரும் ஒன்பது, பத்து. பச்சைக்கு அதே ஐவரும் சுழியம், ஒன்று. எட்டுப் பேருக்கும் ஆரஞ்சைப் பிடிக்கவில்லை. எட்டுப் பேரும் சேர்ந்து அதை ஜெயிக்க வைத்திருந்தார்கள்.

கணக்கர் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "எல்லா சிஸ்டரும் வலி மார்க் போட்டிருக்காங்கம்மா. பிசியோதெரபிஸ்ட்டும்தான்." திரையில் விரலை வைத்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." ஐந்தாவது பெயருக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஐந்தாவது பெயர் சாவியம்மாவுடையது. ஆரஞ்சு, அவசர ஆர்டர்: பத்து. நீலம், காலாவதி: சுழியம்.

மாடியை விட்டு இறங்கிப் பதினான்கு வருடம் ஆகியும் கை இன்னும் மாடியிலேயே இருந்திருக்கிறது.

"சிரிங்க தம்பி," என்றார் சாவியம்மா. "பாதியில நிறுத்தாதீங்க, நெஞ்சு அடைக்கும்."

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னார். அவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வீட்டில் இருக்கும் நான்கு நாற்காலிகளையும் மாற்றி மாற்றிப் பழுதுபார்ப்பது அவருடைய இப்போதைய வேலை. தலைகீழாகக் கிடந்த நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப என்ன சிக்கல்? கூட்டல் தப்பு. திருத்திக்க வேண்டியதுதானே."

"கூட்டல் சரிங்க. நாங்கதான் தப்பு. யாரும் முனகக் கூடாதுன்னு பெரிய நாட்டாமை மாதிரி சொல்லிக் கையெழுத்து வாங்க வெச்சதே நான். நாளைக்குப் போய், நானும் தலைகீழாத்தான் போட்டேன், மறுபடி போடணும்னு சொன்னா, பச்சை தோத்ததுக்காகச் சாக்குச் சொல்றேன்னுதான் எடுத்துப்பாங்க."

"சொல்லாம விட்டா?"

"மூணு வருஷம் ஆரஞ்சு."

"இந்தா, இந்தக் காலைப் பிடி." பிடித்தார். கணவர் ஆணியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தடவை தப்பான ரூட்ல பஸ்ஸைத் திருப்பிட்டேன். உள்ள நாப்பது பேர். ஒருத்தரும் வாயைத் தெறக்கல. டிரைவருக்குத் தெரியாதான்னு உக்காந்திருந்தாங்க. ரெண்டு கிலோமீட்டர் போயாச்சு."

"அப்புறம்?"

"நிறுத்தி எந்திரிச்சு, தப்பா வந்துட்டேன்னு சொன்னேன். அஞ்சு நிமிஷம் திட்டினாங்க. என் பரம்பரையையே இழுத்தாங்க. அப்புறம் அவங்கள்லயே நாலு பேர் இறங்கி, வா வான்னு ரிவர்ஸுக்கு வழி சொன்னாங்க."

"இவ்வளவு நாள் இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ முப்பது வருஷம் திட்டியிருப்ப. அவங்க அஞ்சு நிமிஷத்தோட விட்டாங்க."

மறுநாள் காலை ஏழரைக்கே சாவியம்மா இல்லத்தில் இருந்தார். நேராக மேலாளர் அறைக்குப் போய்க் காத்திருந்தார். மேலாளர் வந்து பையை வைப்பதற்குள், உட்காராமலே, நடந்ததைச் சொல்லி முடித்தார். தன் பெயரையும் முதலிலேயே சொன்னார்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "முடிவு பிடிக்கலைன்னா மறுபடி மார்க் போடலாம்னு ஆரம்பிச்சா, இதுக்கு முடிவே இருக்காதேம்மா."

"பிடிக்காததால கேக்கலை சார். நாங்க அஞ்சு பேரும் வேற கேள்விக்குப் பதில் எழுதியிருக்கோம். எல்லாரையும் கூப்பிடுங்க. பேசாம, ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்காம போடுவோம். எம்மேல சந்தேகம் இருந்தா என் பக்கத்துல நீங்களே உக்காருங்க. வர்றது ஆரஞ்சா இருந்தாலும் பதினோரு மணிக்கு நானே பேனா எடுத்துக் கொடுக்கறேன்."

"பத்துன்னா நல்லதுன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியுமே. அதெப்படி அஞ்சு பேரும்?"

சாவியம்மா கையோடு கொண்டுவந்திருந்த வலித் தாளை மேசையில் வைத்தார். பக்கத்தில் மார்க் தாளை வைத்தார். இரண்டிலும் அதே கட்டம், அதே வட்டம், அதே எழுத்து. மார்க் தாளில் சிரிக்கிற முகமும் அழுகிற முகமும் மட்டும் இல்லை.

மேலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் காது மெல்லச் சிவந்தது.

"புதுசா ஒரு தாள் தயார் பண்ணச் சோம்பேறித்தனமா இருந்தது," என்றார். "கம்ப்யூட்டர்ல இது இருந்தது. முகத்தை அழிச்சுட்டுத் தலைப்பை மாத்தினேன்."

"அப்போ ஆறு பேர் சார்," என்றார் சாவியம்மா.

ஒன்பது மணிக்கு எட்டுப் பேரும் கூடினார்கள். சாவியம்மா எழுந்து நின்று மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். திட்டு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் விழுந்தது. மூன்று சிஸ்டர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் தங்கள் பங்குக்குத் தலையைக் குனிந்திருந்ததால், திட்டுவதற்கு மூன்று பேர்தான் மிச்சம் இருந்தார்கள். அதிலும் மேலாளர் வாயைத் திறக்கும் நிலையில் இல்லை.

"நான் வேற சமையலுக்கு ஒரு தாள் அடிச்சு மாடியில கொடுக்கலாம்னு இருந்தேன்," என்றார் சமையல்காரர். "நல்லவேளை. நல்லாருக்குன்னு எல்லாரும் சுழியம் போட்டிருந்தா நான் ஊருக்குப் போயிருப்பேன்."

"அதுல நெஜமாவே பத்து போடுவோம்," என்றார் இரண்டாம் மாடி சிஸ்டர்.

புதுத் தாள் வந்தது. இந்தத் தடவை வட்டம் இல்லை, எண்ணை எழுத வேண்டும். சுழியம் என்றால் 'மோசம்', பத்து என்றால் 'மிக நன்று' என்று தாளின் தலைப்பில் அச்சடித்திருந்தது. அது போதாதென்று கணக்கர் ஒவ்வொரு தாளையும் கொடுக்கும்போது "பத்து நல்லது, பத்து நல்லது" என்று காதோரம் சொல்லிக்கொண்டே போனார். மேலாளர் நிஜமாகவே சாவியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவியம்மா ஆரஞ்சின் அவசர ஆர்டருக்கு ஒன்று போட்டார். பச்சைக்கு நெட் இல்லாதபோது என்ற இடத்தில் வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. அந்த இரண்டு நாளில் ஒருநாள் நெட் போய் முக்கால் மணி நேரம் அது செத்துக் கிடந்தது உண்மை. இரண்டு என்று எழுதினார்.

கருவி பெருக்கிக் கூட்டியது. ஆரஞ்சு பதினேழு. பச்சை எழுபத்தாறு. நீலம் எண்பத்தொன்று. மூலையில் முக்கோணம் எதுவும் இல்லை.

கணக்கர் முகம் குழல்விளக்கு மாதிரி ஒருமுறை மின்னிப் பிறகு முழுசாக எரிந்தது. எல்லோரும் சாவியம்மாவைப் பார்த்தார்கள்.

"என்ன பார்க்கறீங்க? நீலம்," என்றார். "தம்பி, சிரிச்சது போதும். அதுல அவசர ஆர்டரை எப்படிப் போடறதுன்னு இன்னிக்கே எனக்குச் சொல்லிக் கொடுக்கணும். நான் ஒரு தடவைதான் கேப்பேன், நீங்க மூணு தடவை சொல்லணும்."

பதினொரு மணிக்கு நீலக் கம்பெனிக்காரர் வந்தார். தோற்றுவிட்டோம் என்று முந்தைய மாலை கேள்விப்பட்டு, காலையில் மறுபடி அழைப்பு வந்ததில் குழம்பிப்போயிருந்தார். யாரும் அவருக்கு விளக்கவில்லை. மேலாளர் கையெழுத்திட்டார், கணக்கர் இட்டார், பொருள் வாங்குகிறவர் என்ற இடத்தில் சாவியம்மா இட்டார்.

கீழே வந்ததும் ஸ்டோரைத் திறப்பதற்கு முன்னால் பச்சைக் கம்பெனிப் பெண்ணுக்குத் தானே போன் செய்தார். வேண்டாம் என்பதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி மேலாளர் கணக்கரிடம் சொல்லியிருந்தார். ஒருத்தியைப் பதிலுக்காகச் சாயந்திரம் வரை உட்கார வைப்பதில் சாவியம்மாவுக்கு உடன்பாடில்லை.

"உங்களது இல்லம்மா. அஞ்சு மார்க்ல போச்சு."

"எதுலம்மா போச்சு?"

"நெட் போனா உங்களது படுத்துக்குது. அதுக்கு நானே ரெண்டுதான் போட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சும், பிறகு சின்னச் சிரிப்பும் கேட்டது. "நேரா சொன்னதுக்கு நன்றிம்மா. எங்க ஆளுங்ககிட்ட ஒரு வருஷமா இதைத்தான் கத்திட்டிருக்கேன்."

"நான் சொன்னேன்னும் சேர்த்துக் கத்துங்க. மூணு வருஷம் கழிச்சு வாங்க, பார்ப்போம்."

போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். இரண்டாம் மாடிக்கு எட்டு ரப்பர் விரிப்பு கேட்டுச் சீட்டு வந்திருந்தது. அலமாரியில் ஐந்துதான் இருந்தது. ஐந்தையும் எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, மிச்சம் மூன்று இரண்டரை மணிக்கு வரும் என்று சீட்டின் பின்னால் எழுதி, தூக்கிக்கொண்டு படியேறினார்.